நோயாளியின் கட்டிலருகே அற ஆலோசனை

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வைத்தியசாலையைப் பற்றிப் பேசுவதற்கு வைத்தியரல்லாத எமக்கு என்ன உரிமை உண்டு என்று உங்களிற் சிலர் நினைத்தல் கூடும். நாம் சர்வகலாசாலையிலே மெய்யியல் பயிலும் மாணவர். நாடி பிடித்துப் பார்க்கவும் அறியோம். ஆயினும் வைத்தியசாலையிலே எழும் வினாக்கள் எல்லாம் வைத்திய வினாக்கள் ஆகா. இந்த மருந்து காய்ச்சலைத் தணிக்குமா என்பது வைத்திய வினா. தணிக்கக்கூடிய மருந்தை நோயாளி வேண்டாமென்று மறுத்தால் என் செய்வது என்பது அற வினா. முன்னதற்கு விடை கூறுதற்குப் பல ஆண்டுக் கல்வி வைத்தியருக்குத் துணையாயிருக்கின்றது. பின்னதற்கு விடை தேடும்போது அவர் பெரும்பாலும் தனித்தே நிற்கின்றார். அவ்வாறு நிற்கும் வைத்தியருக்கும் தாதிக்கும் உதவும்பொருட்டுச் சில நாடுகளின் வைத்தியசாலைகளிலே அற ஆலோசனைச் சேவை என ஒன்று ஏற்பட்டுளது. அதனைப் பற்றியே இன்று உங்கள் முன் சில வார்த்தை சொல்ல எண்ணினோம்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்பன அந்நான்கு. நோயுற்றவனை அவர் முதலில் வைத்தமை கவனிக்கற்பாலது. பணிசெய்பவனையும் அவர் விட்டுவிட்டாரல்லர். இக்காலத்து வைத்தியசாலையிலோ மூன்றாங் கூறாகிய மருந்தும் அதனோடு சேர்ந்த இயந்திரங்களும் மலைபோல் வளர்ந்து நிற்கின்றன. முதலாங் கூறின் குரலும் நான்காங் கூறின் குரலும் அம்மலையின் நிழலிலே சில வேளை கேளாமற் போகின்றன.

இதனை நூலிலே படித்தறிவதற்கு முன்னர் எமது வீட்டிலேயே கண்டோம். எங்கள் அம்மம்மா சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைத்தியசாலையிலே ஆறு கிழமை படுத்திருந்தார். அவருக்கு வந்தது மாற்ற முடியாத வருத்தம் என்று வைத்தியர் எங்கள் பெரிய மாமாவை விறாந்தைக்கு அழைத்துச் சொன்னார். மாமா கைகூப்பி, “ஐயா, அவவுக்கு மட்டும் சொல்லாதேயுங்கோ. கேட்டால் உடைஞ்சு போவா” என்றார். வைத்தியர் இளவயதினர். சற்றுநேரம் பேசாது நின்றுவிட்டுத் தலையசைத்துப் போனார்.

அன்றுமுதல் கட்டிலைச் சுற்றி நின்ற நாம் எல்லோரும் நடிகரானோம். “வயிற்றுப் புண்தான், சுகமாகிவிடும்” என்றோம். அம்மம்மா அதனை நம்பினாரோ இல்லையோ, எம்மிடம் கேட்பதை நிறுத்திவிட்டார். இரவு வேலைக்கு வந்த தாதியிடம் மாத்திரம், “பிள்ளை, எனக்கு என்ன வருத்தமெண்டு ஒருத்தரும் சொல்லினமில்லை. நீயாவது சொல்லு” என்று கேட்டாராம். “டொக்டரிட்டைக் கேளுங்கோ அம்மா” என்று சொல்லிவிட்டு அப்பாற்போய், மருந்து வைக்கும் அறையிலே நின்று அழுததாக அந்தத் தாதியே பின்னர் எமக்குக் கூறினார். அம்மம்மா அந்தக் கட்டிலிலேயே கண்ணை மூடினார். செத்தவீட்டுக்கு வந்த அயல்வீட்டு ஆச்சி, “கடைசி நாளிலை தன்ரை வீட்டுத் திண்ணையிலை கிடக்கவேணுமெண்டு எனக்கு எத்தினை தரம் சொன்னவ” என்றபோது எங்கள் மாமா சுவரிலே சாய்ந்து இருந்துவிட்டார். அம்மம்மாவின் விருப்பம் யாது என்று அவரிடமே கேட்டவர் எம்மில் ஒருவரும் இல்லை.

சபையோரே, இக்கதையிலே தீயவர் ஒருவருமில்லை. மாமாவிடம் இருந்தது தாய்மேல் வைத்த அன்பு. வைத்தியரிடம் இருந்தது இரக்கமும் தயக்கமும். தாதியிடம் இருந்தது தன் நிலையை மீறலாகாது என்னும் கட்டுப்பாடு. எம்மிடம் இருந்தது பயம். நல்லவர் பலர் கூடி ஒருவரின் இறுதி ஆறு கிழமையை அவரிடமிருந்து எடுத்துவிட்டோம். அந்த இளம் வைத்தியர் அன்று யாரையேனும் அழைத்து, “இவ்விடத்திலே நான் செய்யத்தக்கது யாது?” என்று கேட்கக் கூடியதாயிருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்தக் கேள்வியே இப்பொருளைத் தேடிப் படிக்குமாறு எம்மைத் தூண்டியது.

இச்சேவை எங்ஙனம் தோன்றிற்று என்பதைச் சிறிது பார்ப்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலே சியாட்டில் என்னும் நகரம் உண்டு. அங்கே 1960ஆம் ஆண்டு பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் வைத்தியர், நோயாளியின் கையிலே நிலையாகப் பொருத்தி வைக்கக்கூடிய ஒரு குழாயை அமைத்தார். அதனாலே சிறுநீரகம் பழுதுற்றோரைச் செயற்கைச் சிறுநீரக இயந்திரத்தோடு மீண்டும் மீண்டும் இணைத்து நீண்டகாலம் உயிர்வாழச் செய்தல் சாத்தியமாயிற்று. ஆயின் இயந்திரங்களோ சில. வேண்டி நின்றோரோ பலர். யாருக்குக் கொடுப்பது? இதனைத் தீர்மானிக்க எழுவர் கொண்ட குழுவொன்று நியமிக்கப்பட்டது. சட்டத்தரணி, போதகர், வங்கியாளர், இல்லத்தரசி, அரசாங்க உத்தியோகத்தர், தொழிலாளர் தலைவர், சத்திரசிகிச்சை வைத்தியர் என்போர் அதிலே இருந்தனர். அவர்கள் பெயர் வெளியிடப்படவில்லை. வயது, விவாகம், பிள்ளைகளின் தொகை, வருமானம், கல்வி, தொழில் என்பவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்து, இன்னார் வாழ்க, இன்னார் மாள்க என்று அவர்கள் முடிவு செய்தனர். 1962ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே ‘லைஃப்’ என்னும் சஞ்சிகை இச்செய்தியை வெளியிட்டபோது அந்நாடு திடுக்கிட்டது. பத்து ஆண்டுகளின் பின், 1972ஆம் ஆண்டிலே, இந்தச் சிகிச்சைக்கான செலவை அரசாங்கமே ஏற்கச் சட்டம் பிறந்தது.

அவ்வெழுவரும் கொடியவர் அல்லர். ஒரு பெருஞ்சுமையை ஊருக்காகத் தாங்கியவர்கள். ஆயினும் தம்மைப் போல வாழ்ந்தோரையே தகுதியுடையோர் என்று அவர்கள் எண்ணிவிட்டனர் என்னும் குற்றச்சாட்டு அவர்மேல் எழுந்தது. நோயாளியின் முகத்தைக் காணாமலும் அவன் சொல்லைக் கேளாமலும் மூடிய அறையிலே தீர்ப்புக் கூறும்போது நல்லவரும் வழுவுவர் என்பதே நாம் அங்கே கற்கும் பாடம்.

இரண்டாவது நிகழ்ச்சி நியூ ஜேர்சி மாநிலத்தது. 1975ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே கரன் ஆன் குவின்லன் என்னும் 21 வயதுப் பெண் நினைவிழந்து வீழ்ந்தாள். செயற்கைச் சுவாச இயந்திரம் அவளுக்குப் பொருத்தப்பட்டது. நினைவு மீளாது என்று அறிந்த பெற்றோர் பல மாதம் மனம்புழுங்கி, இயந்திரத்தை அகற்றுமாறு கேட்டனர். வைத்தியர்கள் மறுத்தனர். வழக்கு மாநில உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1976ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆந் திகதி நீதிமன்றம் தந்தையின் பக்கம் தீர்ப்பளித்தது. இத்தகைய முடிவுகளை ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவராது, வைத்தியசாலையிலே அமையும் அறக் குழுவின் உடன்பாட்டோடு செய்யலாம் என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. இயந்திரம் அகற்றப்பட்டபின் அப்பெண் தானாகவே மூச்சுவிட்டு 1985ஆம் ஆண்டு வரை உயிரோடிருந்தாள். மனிதர் கணிப்புக்கு எல்லை உண்டு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பின்னர் 1983ஆம் ஆண்டிலே அந்நாட்டுச் சனாதிபதி ஆணைக்குழுவொன்று உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துதல் பற்றிய அறிக்கையிலே அறக் குழுக்களை ஆதரித்தது. வைத்தியசாலைகளின் தரத்தை மதிப்பிடும் சபையும், அற வினாக்களை ஆராய்வதற்கு ஒரு வழி வைத்தியசாலையிலே இருத்தல் வேண்டும் என 1992ஆம் ஆண்டு முதல் விதித்தது. இவ்வாறாகக் குழு என்னும் வித்திலிருந்து ஆலோசனைச் சேவை என்னும் பயிர் முளைத்தது. புதிய மருந்தை மனிதரிடம் சோதிப்பதற்கு அனுமதி வழங்கும் ஆராய்ச்சி அறக் குழு ஒன்றும் உண்டு. அஃது இதனின் வேறாகும்.

சரி, இச்சேவை எவ்வாறு நடைபெறுகின்றது? அமெரிக்காவின் முன்னாட் படைவீரர் வைத்தியசாலைகள் இதற்கு ஐந்து படிகளை வகுத்துள்ளன. வினாவைத் தெளிவுசெய்தல், செய்திகளைத் திரட்டல், அவற்றைத் தொகுத்து ஆராய்தல், கண்டதை எடுத்துரைத்தல், பின்னரும் உடனிருந்து துணைபுரிதல் என்பன அவை. இவற்றை அம்மம்மாவின் கட்டிலருகே வைத்துப் பார்ப்போம்.

அன்று அந்த வைத்தியர், அல்லது அழுத அந்தத் தாதி, ஆலோசகரை அழைத்திருப்பார் என்று கொள்வோம். ஆலோசகர் முதலிலே கேட்பது, “உங்களை வருத்தும் வினா யாது?” என்பதே. “நோயாளியிடம் உண்மையைச் சொல்லலாமா, குடும்பத்தாரின் வேண்டுகோளை மதித்து மறைக்கலாமா?” என்று வினா தெளிவுபெறும். இரண்டாவதாக அவர் நோயாளியின் குறிப்பேட்டை வாசிப்பார். நோயின் நிலை என்ன, எஞ்சிய காலம் எவ்வளவு எனக் கருதப்படுகின்றது, வீட்டிலே வைத்து நோவைத் தணிக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேட்பார். இரவிலே நோயாளி கேட்ட கேள்வியைத் தாதியிடமிருந்து அறிவார். மாமாவைத் தனியே இருத்தி, “அம்மா உடைந்துபோவார் என்று அஞ்சுகிறீர்களே, முன்னர் துன்பம் வந்தபோது அவர் எப்படி நடந்துகொண்டார்?” என்று கேட்பார். தன் கணவனையும் ஒரு பிள்ளையையும் இடுகாட்டுக்கு அனுப்பிய பின்னும் மறுநாட் காலை அடுப்பு மூட்டிய பெண் எங்கள் அம்மம்மா. அதனை மாமா தம் வாயாற் சொல்லியிருந்தால், அந்த அச்சம் யாருடையது என்பதை அவரே உணர்ந்திருப்பார்.

அதன்பின் ஆலோசகர் நோயாளியிடம் செல்வார். எடுத்த எடுப்பிலே நோயின் பெயரைச் சொல்லிவிடமாட்டார். “உங்கள் வருத்தத்தைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள்? வைத்தியர் உங்களிடம் பேசுவது விருப்பமா, மகனிடம் பேசுவது விருப்பமா?” என்று கேட்பார். இவ்விடத்தைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுகின்றோம். தனிமனிதன் விருப்பம் என்பது மேனாட்டார் கொள்கை. எங்களுக்குக் குடும்பமே பெரிது என்று கூறுவோர் உளர். அக்கூற்றிலே உண்மை இல்லாமலில்லை. ஆனால் அம்மம்மாவிடமே கேட்டிருந்தால், “எல்லாம் மூத்தவனிட்டைச் சொல்லுங்கோ, நான் அறிய வேண்டாம்” என்று அவர் சொல்லியிருக்கவுங் கூடும். அப்பொழுது மாமா முடிவு செய்தல் முற்றும் நியாயமே. ஏனெனில் அந்த உரிமையைத் தாய் தன் கையாற் கொடுத்திருப்பார். கொடுக்கப்பட்ட உரிமைக்கும் எடுத்துக்கொண்ட உரிமைக்கும் உள்ள பேதம் ஒரு கேள்வியிலே அடங்கிவிடுகின்றது.

பின்னர் எல்லோரையும் ஓரிடத்திலே கூட்டிப் பேசுவித்து, எந்த வழிகள் அறத்தோடு பொருந்தும், எந்த வழி பொருந்தாது என்று ஆலோசகர் எடுத்துரைப்பார்; அதனைக் குறிப்பேட்டிலும் எழுதிவைப்பார். நாலைந்து நாட் சென்றபின் திரும்பி வந்து என்ன நடந்தது என்று விசாரிப்பார். சிகிச்சைக்குப் பொறுப்பு வைத்தியருடையதே. உடலும் உயிரும் நோயாளியினுடையவே. ஆலோசகரின் சொல் கட்டளையன்று.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கட்டளையிட அதிகாரமில்லாத ஆலோசகராலே பயன் என்ன? இதனை 1998ஆம் ஆண்டிலே அமெரிக்க அறிஞர் குழுவொன்று தன் அறிக்கையிலே ஆராய்ந்தது. ஆலோசகர் தாமே நீதிபதியாகி முடிவு கூறுதல் ஒரு வழி. அஃது உரிமையுடையோரை ஒதுக்கிவிடும். எப்படியாவது எல்லோரையும் இணங்கச் செய்தல் மற்றொரு வழி. அறமல்லாத ஒன்றிலே எல்லோரும் இணங்கிவிட்டால் அதனை அது தடுக்காது. எங்கள் வீட்டிலே நடந்தது இரண்டாவதன் பிழையே. மாமாவும் வைத்தியரும் நாமும் ஒருமனமாய் இணங்கித்தான் அம்மம்மாவிடம் பொய் சொன்னோம். ஆகவே நடுவழியொன்றை அவ்வறிக்கை காட்டிற்று. முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்பதை முதலிலே தெளிவாக்கி, அறத்தின் எல்லை எதுவரை என்பதையும் உரைத்து, அவ்வெல்லைக்குள் நின்று எல்லோரையும் பேசுவித்தல் அது. சியாட்டிலின் எழுவர் தீர்ப்பளித்தனர். இவ்வாலோசகரோ தீர்மானிக்க வேண்டியவர் தீர்மானிப்பதற்கு வழிவிலக்கிக் கொடுக்கின்றார்.

இதனால் விளைந்த நன்மை யாது என்று கேட்போருக்கு ஒரு சான்று கூறுவோம். அமெரிக்காவிலே ஏழு வைத்தியசாலைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலே 551 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2003ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அற ஆலோசனை பெற்றோரிடையே மரணத் தொகை கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் வைத்தியசாலையிலேயே இறந்தோரைப் பார்க்குமிடத்து, ஆலோசனை பெற்றவர் பயனில்லாத சிகிச்சையிலே கழித்த நாட்கள் குறைந்திருந்தன. வைத்தியர், தாதியர், நோயாளர், உறவினர் ஆகியோருள் 87 வீதத்தினர் ஆலோசனை உதவிற்று என்றனர்.

குறைகளையும் மறைத்தல் தகாது. 2007ஆம் ஆண்டிலே வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி அந்நாட்டுப் பொது வைத்தியசாலைகளிலே 81 வீதமானவற்றிலும், 400 கட்டிலுக்கு மேற்பட்ட பெரிய வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் இச்சேவை இருந்தது. ஆயின் நடுத்தரமான ஒரு வைத்தியசாலையிலே ஓராண்டு முழுவதிலும் நிகழ்ந்த ஆலோசனைகள் மூன்றே! ஆலோசனை செய்தோருள் இத்துறையிலே உயர்கல்வி முடித்தோர் 5 வீதத்தினரே. பெயர்ப்பலகை உண்டு, வருவோர் இல்லை என்ற நிலை அது. ஏன் அழைப்பதில்லை? அழைத்தால் தமக்கு அறம் தெரியாதென்று பிறர் எண்ணுவர் என வைத்தியர் கூசுதல் கூடும். அழைத்தால் மேலதிகாரி கோபிப்பார் எனத் தாதி அஞ்சுதல் கூடும். ஆகையால் இச்சேவையின் உயிர் அதன் வாசலிலே இருக்கின்றது. வாட்டிலே மிகத் தாழ்ந்த பணி செய்பவரும், நோயாளியும், நோயாளியின் உறவினரும் அஞ்சாது தட்டக்கூடிய வாசலாக அஃது இருத்தல் வேண்டும். தட்டியவருக்குத் தீங்கு வராது என்னும் உறுதியும் வேண்டும்.

“வாட்டிலே கட்டில் போதாமல் நோயாளர் நிலத்திலே பாய் விரித்துப் படுக்கும்போது அற ஆலோசனைக்கு எங்கே போவது?” என்று பெரியவர் ஒருவர் எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நாம் சொல்லும் விடை இது: இதற்கு இயந்திரம் வேண்டாம், மாளிகை வேண்டாம். அனுபவமுள்ள ஒரு வைத்தியர், ஒரு தாதி, பேச்சைப் பொறுமையோடு கேட்கப் பயின்ற வேறொருவர் ஆகிய மூவர் போதும். ஒரு சிறிய அறையும் அரைமணி நேரமும் போதும். நெருக்கடி மிகுந்த இடத்திலேதான் யாருக்கு முதலிற் கட்டில் என்னும் வினா நாள்தோறும் எழுகின்றது. அந்த இடத்துக்கே ஆலோசனை மிகவும் தேவை.

அன்புடைய இளைஞர்களே, உங்களிற் சிலர் நாளை வைத்தியராவீர்கள்; சிலர் தாதியராவீர்கள். என் செய்வதென்று தெரியாது நிற்கும் நேரம் உங்களுக்கும் வரும். அப்போது தலையசைத்துப் போய்விடாதீர்கள். ஒருவரை அழைத்துக் கேளுங்கள். கேட்பது இழுக்கன்று. ஆலோசனைக்கு அழைக்கப்படும் நிலை உங்களுக்கு வருமாயின், பேசுவதற்கு முன் கட்டிலிலே கிடப்பவரின் சொல்லைக் கேளுங்கள்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். உடலும் அறிவும் தெளிவாயிருக்கும் இந்நாளிலேயே உங்கள் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். எதை அறிய விரும்புகிறீர்கள், யார் உங்களுக்காகப் பேசவேண்டும், இறுதி நாளிலே எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் “அபசகுனமாய்ப் பேசாதேயுங்கோ” என்று தடுப்பார்கள், தடுத்தாலுஞ் சொல்லுங்கள். அயல்வீட்டாருக்கு மாத்திரம் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டுத் திண்ணை இப்பொழுதும் இருக்கின்றது. அதிலே இருக்கும்போதெல்லாம் எமக்கு அந்த ஆறு கிழமையின் நினைவு வரும். மாமாவும் மாலையிலே அங்கே வந்து இருப்பார்; அதிகம் பேசமாட்டார். சென்ற மாதம் அவர் எம்மை அருகிருத்தி, தமக்கு ஏதேனும் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நாமும் தடுக்காமற் கேட்டோம்.